காலை எடுக்கும் முன் படம் எடுங்கள்

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஓர் ஊர். அங்கே கம்பள நாயக்கர் தெருவில் பட்டியலின மக்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக எழுதாத சட்டமாக இருந்தது. சுதந்திரம் வந்தது, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்புச் சட்டம் சொன்னது. அதன் பிறகு கதை மாறியது. தெருவுக்கு அடியில் செய்வினைப் பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு நடந்தால் 3 மாதத்தில் சாவு என்று கட்டிவிட்டார்கள். 2023 டிசம்பரில் சுமார் 60 பேர் செருப்பு அணிந்து அந்தத் தெருவில் நடந்து, அந்தக் கதையை முடித்துவைத்தார்கள்.

செருப்புப் போட்டால் சாவு என்றது சாதி. மருத்துவம் சொல்வது நேர் எதிரானது. சர்க்கரை நோய் முற்றி, காலில் உணர்ச்சி போன ஒருவர் செருப்பில்லாமல் நடந்தால்தான் ஆபத்து. ஒரு முள், ஒரு கண்ணாடித் துண்டு, சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலை ஆகிய மூன்றில் ஒன்று போதும். முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு கால்.

அப்படிப் போகிற கால்களில் எத்தனையோ கால்களைக் காப்பாற்ற முடியும். அதற்கு மருத்துவத்தில் இன்று நல்ல வழிகள் இருக்கின்றன. ஒரு படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பலவகை ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது அவற்றில் ஒன்று. அது என்ன, யாருக்குக் கிடைக்கிறது, நம் வளவுகளில் இருக்கிறவர்களுக்கு ஏன் தாமதமாகக் கிடைக்கிறது என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் கால்

என் பெரியப்பா தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்கடையிலும் குப்பையிலும் வெறுங்காலோடு 30 வருடத்துக்கு மேல் நின்ற கால் அவருடையது. ஒருநாள் வலதுகால் பெருவிரலில் ஒரு கொப்புளம். என் பெரியம்மா புலம்பியபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “வலியே இல்லையே, அப்புறமென்ன? தானா ஆறிப் போயிரும்.”

வலி இல்லாததுதான் நோய் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் கட்டுப்போட்டோம். விரல் கறுத்தது. ஒரு மருத்துவமனையில் விரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. இன்னும் இரண்டு விரல். அதுவும் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகுதான் வேறொரு இடத்தில் ஒரு மருத்துவர் ரத்தக் குழாய்ப் படத்தைக் காட்டி விளக்கினார். காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு. ரத்தம் போகாத இடத்தில் எத்தனை முறை வெட்டினாலும் புண் ஆறாது. “இந்தப் படத்தை முதல் விரலை எடுக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும்” என்றார். நாங்கள் பதில் பேசவில்லை. அப்படி ஒரு படம் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். சர்க்கரை பணக்கார நோய் என்ற காலம் மலையேறிவிட்டது. அண்ணல் அம்பேத்கரும் கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயோடும் கால் வலியோடும்தான் போராடினார்.

எதை எந்தப் படம் காட்டும்?

சர்க்கரைக் கால் என்பது ஒரே நோய் அல்ல. மூன்று கேடுகள் சேர்ந்து வருவது. நரம்பு செத்து உணர்ச்சி போவது ஒன்று. ரத்தக் குழாய் அடைபடுவது இரண்டாவது. புண் வழியாகக் கிருமி புகுந்து சதையையும் எலும்பையும் அரிப்பது மூன்றாவது. இதில் எது எவ்வளவு என்று தெரியாமல் கத்தியை எடுப்பது, ஆழம் தெரியாமல் கிணற்றில் காலை விடுவதைப் போலத்தான்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் எலும்பில் தொற்று தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகுதான் அதில் மாற்றம் தெரியும். இன்றைக்கு எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

டாப்ளர், ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று ஒலியைக் கொண்டு அறியும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சிடி ஆஞ்சியோ, குழாயில் மருந்து செலுத்தி, அடைப்பு எந்த இடத்தில் என்று காட்டும். அந்த மருந்து சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

எம்ஆர்ஐ சதையையும் எலும்பு மஜ்ஜையையும் காட்டும். சீழ் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எந்த எலும்பு வரை போயிருக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் ‘சார்கோ பாதம்’ என்று ஒன்று வரும். உணர்ச்சியில்லாத காலில் எலும்புகள் தாமாகவே நொறுங்கி, பாதம் சிவந்து, வீங்கி, சூடாகிவிடும். பார்ப்பதற்குக் கிருமித் தொற்று போலவே இருக்கும். எம்ஆர்ஐ படத்திலும் இரண்டும் பல நேரம் ஒன்று போலவே தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. சார்கோ பாதத்துக்கு மாவுக்கட்டும் ஓய்வும் வேண்டும். தொற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ அறுவைச் சிகிச்சையோ வேண்டும். மாற்றிச் செய்தால் போக வேண்டாத கால் போகும்.

இங்கேதான் அணு மருத்துவப் படங்கள் உதவுகின்றன. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். நோயாளியின் வெள்ளை அணுக்களையே எடுத்து, அடையாளம் ஏற்றி, திரும்பச் செலுத்துவதும் உண்டு. கிருமி இருக்கும் இடத்தைத் தேடி அவை போகும். பெட் ஸ்கேன் என்பதில் சர்க்கரை போன்ற ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அழற்சி இருக்கும் இடம் அதை அதிகமாக உறிஞ்சும். ஆனால் இந்தப் படங்கள் ‘எங்கோ எரிகிறது’ என்று மட்டும் சொல்லும். சதையிலா, எலும்பிலா, எந்த எலும்பில் என்று துல்லியமாகச் சொல்லாது.

சர்வே படமும் அடங்கலும்

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நிலத்துக்கு இரண்டு ஆவணம் உண்டல்லவா? எல்லையைக் காட்டுவது சர்வே படம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்வது அடங்கல். படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நிலத்தில் நடப்பது தெரியாது. அடங்கலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விவகாரம் விளங்கும்.

சிடி ஸ்கேன் சர்வே படம் மாதிரி. எலும்புகளின் எல்லையைத் துல்லியமாகக் காட்டும். அணு மருத்துவப் படம் அடங்கல் மாதிரி. எங்கே என்ன நடக்கிறது என்று காட்டும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கணினியில் பொருத்தினால், ‘இரண்டாவது விரலின் அடி எலும்பில் தொற்று, பக்கத்து எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல முடியும். ஸ்பெக்ட்-சிடி, பெட்-சிடி என்று சொல்லப்படும் இயந்திரங்கள் செய்வது இதைத்தான். ஒரே படுக்கையில் படுக்கவைத்து இரண்டு படத்தையும் எடுத்துச் சேர்த்துத் தந்துவிடும். பெட்-சிடியின் முதல் மாதிரி இயந்திரம் 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் புற்றுநோய்க்காக வந்த இயந்திரம் இன்று கால் புண்ணுக்கும் உதவுகிறது.

இதனுடன் ரத்தக் குழாய்ப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகும். எலும்பில் தொற்று, குழாயில் அடைப்பு என்று இரண்டும் இருந்தால், முதலில் சீழை வடித்துத் தொற்றை அடக்க வேண்டும். பிறகு பலூன் வைத்தோ மாற்றுப்பாதை வைத்தோ அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். ரத்த ஓட்டம் வந்த பிறகு கெட்ட எலும்பை மட்டும் எடுத்தால் புண் ஆறும். சிலருக்கு எலும்பை எடுக்காமலே சுமார் 6 வாரம் மருந்து கொடுத்துப் பார்க்கவும் முடியும். இந்த வரிசை தெரியாமல் போனதால்தான் என் பெரியப்பாவின் காலில் கத்தி படிப்படியாக மேலே ஏறியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் தேவையில்லை. சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வதும் அதுதான். முதலில் புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டு எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, நாடித்துடிப்பு. இவற்றில் சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. அதிலும் தெளியாவிட்டால் அணு மருத்துவப் படங்கள். காய்ச்சலோடு சீழ் பரவிக்கொண்டிருக்கும் காலுக்கு ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. அங்கே உயிர்தான் முதல்.

தமிழ்நாட்டின் பங்கு

இந்தத் துறையில் தமிழ்நாடு பின்னால் நிற்கவில்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளும் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகன் போன்றோரும் சேர்ந்து 112 சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை வெப்பப் படக் கருவியால் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். ஆய்வு 2010இல் வெளியானது. நரம்பு பாதிப்பு உள்ளவர்களின் பாதம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தது. பாதிப்பு இல்லாதவர்களுக்கு 27 முதல் 30 வரைதான். தொடாமலே, ஊசி குத்தாமலே, கதிர்வீச்சு இல்லாமலே ஆபத்தை முன்கூட்டிச் சொல்லக்கூடிய வழி இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்படி ஒரு கருவி இருந்தால், எந்தக் காலை உடனே கோவைக்கு அனுப்ப வேண்டும் என்று செவிலியரே கண்டுபிடிக்க முடியும்.

அதற்கும் முன்னோடி வேலூரில் நடந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களால்தான் போகின்றன என்று எடுத்துக்காட்டினார். அவர்களுக்கென்று மென்மையான ரப்பர் வைத்த செருப்புகள் அங்கே உருவாக்கப்பட்டன. இன்று சர்க்கரை நோயாளிகள் எம்சிஆர் செருப்பு என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான்.

இங்கே கொங்கு நாட்டின் ஒரு கசப்பான முரணையும் சொல்ல வேண்டும். கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள், பண்ணாடிகளுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தைத்தவர்களின் காலுக்கு மட்டும் செருப்புக் கிடையாது. ஊருக்குள் வரும்போது கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று மருத்துவம் எந்தப் பொருளைக் காலுக்கு மருந்து என்று எழுதிக் கொடுக்கிறதோ, அதே பொருள்தான் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியலினத்தவர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதே குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டத்தில் செருப்பு என்ற சொல்லை எழுத வேண்டிய நாடாகவே 2015 வரை நாம் இருந்திருக்கிறோம்.

கோவையில் எல்லாம் இருக்கிறது, ஆனால்…

கோவை மருத்துவ நகரம். திருச்சி சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திருப்பூர், ஈரோடு, நீலகிரியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெரிய தனியார் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் நிறைய. இல்லாதது இயந்திரம் அல்ல. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஒருநாள் கூலியை விட்டு, துணைக்கு வந்தவரின் கூலியையும் விட்டு வருகிறவருக்கு அந்த இயந்திரம் எட்டுவதில்லை. ஒரு ஸ்கேன் இன்றைக்கு, இன்னொன்று அடுத்த வாரம், மூன்றாவதற்கு வேறு கட்டடம் என்றால், மூன்றாவது படத்துக்கு அவர் வர மாட்டார். படங்களைச் சேர்த்துப் பார்ப்பது இருக்கட்டும், படங்களே ஒரு கையில் சேர்வதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு இடமிருக்கிறது. அட்டை வீட்டில் பெட்டிக்குள் கிடக்கிறது. ஸ்கேனுக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்பவர்கள் குறைவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நீரிழிவுப் பாதங்களுக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தையும் தமிழக அரசு கொண்டுவந்திருக்கிறது. நல்ல திட்டங்கள். ஆனால் ஒரு பாதத்தைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் அதைத் தொட வேண்டும். விரலுக்கு விரல் பிரித்துப் பார்க்க வேண்டும். நாடியைத் தேட வேண்டும். சேற்றிலும் சாக்கடையிலும் நின்று வெடித்த காலை, தயங்காமல் கையில் எடுத்துப் பார்க்கிற மனம் வேண்டும். தீண்டாமை தெருவில் மட்டுமல்ல, தொட்டுப் பார்க்காத பரிசோதனையிலும் ஒளிந்திருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சிலவே. கால், பாதம், விரல் எதை எடுப்பதாக இருந்தாலும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், ரத்த ஓட்டப் பரிசோதனையும் எலும்புப் படமும் எடுக்காமல் எடுக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தேவையான படங்களை ஒரே நாளில் எடுத்து, அறுவைச் சிகிச்சை, ரத்தக் குழாய், கதிரியக்கத் துறை மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பாதப் பரிசோதனையும், அளவுக்கேற்ற காலணியும் தர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அடிப்பாதத்துக்குக் கீழே கண்ணாடியை வைத்தும் பார்க்கலாம். இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அன்றைக்கே நடப்பதைக் குறைத்து, மருத்துவரிடம் போங்கள். சுடுதண்ணீரில் காலை வைக்காதீர்கள். ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். செருப்புக்குள் கையை விட்டுக் கல் முள் பார்த்துவிட்டுப் போடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போனாலும், களை எடுக்கப் போனாலும் வெறுங்காலோடு போகாதீர்கள். பழனிக்குப் பாதயாத்திரை போவதும் பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் காலில் உணர்ச்சி போனவருக்கு நெருப்பும் தாரும் சுடுவது தெரியாது. போகும் முன் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த மருத்துவரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். பழைய படத்தோடு புதிய படத்தை வைத்துப் பார்ப்பதும் படங்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான். அதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். இந்தப் படங்களை எடுக்கிற கதிரியக்கத் தொழில்நுட்பப் படிப்புகள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் தேவையில்லை. பட்டியலினத்தவருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளை ஸ்கேன் அறையில் நின்றால், வளவிலிருந்து வருகிற பாட்டியிடம் ‘காலை இப்படி வையுங்க ஆத்தா, பயப்படாதீங்க’ என்று சொல்ல ஒரு குரல் இருக்கும்.

பெரியப்பா இப்போது கைத்தடியும் கட்டைக்காலுமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருக்கும் இடதுகாலில் எம்சிஆர் செருப்பு. வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. சின்ன வயதில் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். “இப்ப டாக்டரே கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாரு” என்று சொல்லிச் சிரிக்கிறார். ஒரு கால் போன பிறகு வந்த உத்தரவு அது. அடுத்தவருக்கு அது இரண்டு காலும் இருக்கும்போதே கிடைக்க வேண்டும்.